தொண்ணூற்றொரு சதவீதம் மஞ்சள்

இஷ்ரத் இரண்டு விளக்குகளை மேசைமேல் வைத்தாள். தீப்பெட்டி அளவுதான் இருந்தன. பக்கத்தில் இரண்டு தலைப்பட்டைகள்.

“வாசிக்கிறவங்க பட்டையைத் தலையில போட்டுக்கணும். அடுத்து என்ன செய்யணும்னு மூளை முன்னாடியே எடுத்து வெச்சிருந்தா விளக்கு மஞ்சளா எரியும். அந்த நேரத்துல தோணினதுன்னா வெள்ளை. அவ்வளவுதான்.”

“பழகின கை பழகின எடத்துக்குத்தானுங்க போகும்” என்றார் தண்டபாணி. “முப்பது வருசமா லேத்து ஓட்டறனுங்க. எம்பட கை தூக்கத்துலயும் அளவெடுக்கும். அப்ப நானு பொய்க்காரனுங்களா?”

“கைப்பழக்கத்தை இது கண்டுக்காது சார். பேசத் தெரிஞ்சிருக்கறது வேற. பேச்சை மனப்பாடம் பண்ணிட்டு வர்றது வேற. ரெண்டாவதை மட்டும்தான் இது பிடிக்கும்.”

இஷ்ரத் பொறியியல் கல்லூரி ஒன்றில் மூளை அலைகளை ஆராய்பவள். தண்டபாணி கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையின் மாடிக் கூடம் எங்களுடையது. அவர்தான் எங்கள் ஞாயிறு ஓசைக் குழுவின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை லேத் ஓடாது. மின்சாரத்தில் இரைச்சல் இருக்காது. அதனால் நிகழ்ச்சிகள் ஞாயிறு காலை பத்து மணிக்கு.

எங்கள் இசையில் ராகம் இல்லை. தாளம் இல்லை. வயர் சொருகிக் குமிழ் திருப்பி ஓசை எழுப்பும் சிந்தசைசர் பலகை முன் உட்கார்ந்து, அந்த நேரத்தில் எது பிறக்கிறதோ அதை வாசிப்போம். உறுமல் வரும். கீச்சு வரும். தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஒன்று வரும். வந்தது திரும்ப வரக் கூடாது. ஒத்திகை கூடாது. குழுவுக்கு இருந்தது இந்த ஒரே கொள்கைதான்.

அதற்காக ஒரு வழக்கமும் வைத்திருந்தோம். வாசிப்பவர், கேட்க வந்தவர்கள் முன்னால், கருவியின் எல்லா வயர்களையும் பிடுங்கிப் போட வேண்டும். எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். கேட்க வந்தவர்களில் ஒருவர் மேடையேறி, பலகையைத் தடவிப் பார்த்து “காலி” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே முதல் வயரைச் சொருகலாம்.

போன வருடம் ஜோதிராமன் என்பவனின் கருவிக்குள் முன்பே சேமித்த ஓசை ஒன்று இருந்தது. கண்டுபிடித்தவன் நான். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்டவனும் நான். அவன் பிறகு வரவில்லை.

“பலகை காலியா இருக்கான்னு பார்க்கறீங்க. தலை காலியா இருக்கான்னு இது பார்க்கும்” என்றாள் இஷ்ரத்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் மிஞ்சியிருப்பவன் நான்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

“வைக்கலாம்” என்றேன்.

விதியையும் நானே எழுதினேன். நிகழ்ச்சியின் பாதி நேரத்துக்குமேல் யாருடைய விளக்கு மஞ்சளாக எரிகிறதோ, அவர் இந்த மேடையில் இனி வாசிக்கக் கூடாது. கடுமையாக எழுதினால் சந்தேகம் வராது என்று நினைத்தேன்.

*

நான் பதினைந்து வருடங்களாக மனப்பாடம் செய்து வாசிக்கிறேன்.

ரெஜினாவும் நானும் ஜோடியாக வாசிக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடங்கள். அவள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். தொடக்கத்தில் அவள் வாசிப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். அடுத்த நொடி என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு வயரைச் சொருகிவிட்டு, வந்த ஓசையைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பாள்.

மூன்றாம் வருடம் ஒரு நிகழ்ச்சியில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பதினோரு நிமிடங்கள் ஒரே ரீங்காரம். கை குமிழ்மேல் இருந்தது. நகரவில்லை. முன்வரிசையில் ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார், ஓசை அங்கிருந்து வருகிறதா என்று.

அதற்குப் பிறகு நான் அப்படி உட்கார்ந்ததில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆறு வாரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். எந்த வயர் எந்தத் துளைக்கு, எத்தனையாவது நிமிடத்தில் எந்தக் குமிழ் என்று எல்லாம் தலைக்குள் இருந்தது. தற்செயலாகக் கிளம்புவதுபோன்ற ஒரு வீறிடல், அதைக் கேட்டுத் திடுக்கிட்டு நான் கையை இழுத்துக்கொள்வது, அந்தத் திடுக்கிடலையும் கண்ணாடி முன் பழகினேன்.

ரெஜினாவுக்குத் தெரியாது. அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் ஜோடியைப் பற்றி எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள். ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரிகிறது. பூபதி ஓசையால் கேட்கும் முன் ரெஜினா பதில் சொல்கிறாள். எனக்கும் அது வியப்பாகத்தான் இருந்தது. அவள் திறமை என்று வைத்துக்கொண்டேன்.

*

விளக்குகளுடன் முதல் நிகழ்ச்சி எங்களுடையது. சனிக்கிழமை மாலை இஷ்ரத் பட்டைகளை எங்கள் தலையில் வைத்துப் பார்த்தாள். பின்பக்கத் திருகைச் சுழற்றி எனக்கு அகலமாக்கினாள், ரெஜினாவுக்கு இறுக்கினாள். விளக்குகளை மேடையில் அவரவர் இடத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றின் பட்டையிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதினாள். பூபதி. ரெஜினா.

“யார் போட்டாலும் வேலை செய்யுமா?” என்று கேட்டேன்.

“செய்யும் சார். பட்டைக்கும் விளக்குக்கும்தான் ஜோடி. தலைக்கு இல்ல.”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். ஒரு முறை சொல்லலாம். அடுத்த முறை?

ஆறு வாரமாகப் பழகியது தலைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு மேடையேற எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கூடத்துக்குப் போனேன். இஷ்ரத்தும் தண்டபாணியும் எதிரே இருந்த கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். பக்கத்து அறையில் பட்டைகள் இருந்தன. இரண்டு டேப்புகளையும் நகத்தால் உரித்தேன். மாற்றி ஒட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் மஞ்சள் அவள் விளக்கில் எரியும். அவள் வெள்ளை என் விளக்கில் எரியும். அவள் இனி மேடையேற முடியாது. இதை நான் தெளிவாக யோசித்தேன். யோசித்த பிறகுதான் ஒட்டினேன்.

பத்து மணிக்குப் பட்டைகளைக் கொடுத்தார்கள். என் கைக்கு வந்தது இறுக்கமாக இருந்தது. திரும்பி நின்று தளர்த்திக்கொண்டேன். ரெஜினா தனக்குக் கொடுத்ததைத் தலையில் வைத்தாள். எடுத்தாள். திருகை இரண்டு சுற்று இறுக்கி மறுபடி வைத்தாள்.

“பயமா இருக்குதுங்களாண்ணா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“சும்மா கேட்டனுங்க.” என் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு மேடைக்குப் போனாள்.

*

வயர்களைப் பிடுங்கினோம். ஒரு பெண்மணி வந்து பலகைகளைத் தடவிப் பார்த்து “காலி, காலி” என்றார். சிலர் சிரித்தார்கள்.

முதல் வயரைச் சொருக வேண்டும். அது எந்தத் துளை என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை.

காலரில் அவள் விரல் பட்ட இடம் உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு வாரம் பழகியதைத் தேடினேன். இல்லை. என் தலையில் டேப்பை உரித்த ஓசை மட்டும் இருந்தது. கையில் வந்த துளையில் சொருகினேன். கரகரவென்று ஒன்று வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தாழ்த்தினேன். இன்னொன்றைச் சொருகினேன். பதினைந்து வருடங்களில் முதல் முறையாக, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் வாசித்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து விளக்குகளைப் பார்த்தேன். என் முன்னால் இருந்தது மஞ்சளாக எரிந்தது. ரெஜினாவின் முன்னால் வெள்ளை.

மாற்றி ஒட்டியதில் தவறிவிட்டேனோ என்று முதலில் தோன்றியது. தவறவில்லை. அவள் தலையில் இருப்பது என் விளக்கின் பட்டை. என் முன்னால் எரியும் மஞ்சள் அவளுடையது.

ரெஜினா மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

காது கொடுத்துக் கேட்டேன். நான் கேட்காத கேள்விகளுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினான்காம் நிமிடத்தில் தன் அடியோசையில் ஓர் இடைவெளி விட்டாள். நான்கு நொடி. வீட்டில் நான் பழகிய வீறிடல் அந்த இடத்தில்தான் வர வேண்டும். அவள் எனக்காகக் காத்திருந்தாள். நான் வரவில்லை. நான்கு நொடி முடிந்ததும் அவள் மேலே போனாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

நாற்பது நிமிடம் அப்படியே போயிற்று. அவள் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்.

*

இஷ்ரத் எண்களைப் படித்தாள். ரெஜினா, ஏழு சதவீதம் மஞ்சள். பூபதி, தொண்ணூற்றொன்று.

தண்டபாணி என்னைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மெசினு தப்பாக் காட்டுதுங்களாட்டம் இருக்குது.”

தப்பாகக் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். பட்டையை மாற்றினேன் என்று சொன்னால் என் ஏழு சதவீதம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். ஏன் மாற்றினாய் என்றும் கேட்பார்கள்.

“ஒத்துக்கறேன்” என்றேன்.

கூட்டத்தில் பின்னால் ஒருவர், “ஜோதிராமனை அன்னைக்கு என்ன பேச்சுப் பேசினாரு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கூடத்தில் வேறு ஓசை இல்லாததால் கேட்டது. ரெஜினா வயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை மதியம் கருவியை எடுத்துப்போகப் போனேன். கீழே லேத் ஓடியது. தரை அதிர்ந்தது. பலகையைப் பெட்டிக்குள் வைக்கும்போது ரெஜினா படியேறி வந்தாள். பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். கையில் அவளுடைய எக்கோ பெட்டி.

அந்தப் பெட்டி எனக்கு நன்றாகத் தெரியும். நாம் வாசிப்பதைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் அதைக் கடன் வாங்கி வீட்டில் வைத்திருப்பேன். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் திருப்பிக் கொடுப்பேன்.

“உக்காருங்கண்ணா” என்றாள். அவளும் தரையில் உட்கார்ந்தாள். “பட்டை லூசா இருந்துச்சு. சனிக்கிழமை எனக்குச் சரியா இருந்துச்சுங்க. உங்க தலை அளவு அது. போட்ட உடனே தெரிஞ்சுபோச்சு, நீங்க மாத்திட்டீங்கன்னு.”

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

“ஏன் மாத்துனீங்கன்னுதான் அப்பத் தெரியலை. வாசிக்க ஆரம்பிச்ச பின்னாடிதான் புரிஞ்சுச்சுங்க.”

“ரெஜினா...”

“நான் சொல்லி முடிச்சுடறனுங்க. எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு, நான் மனப்பாடம் பண்றேன்னு?”

கீழே லேத் ஒரு இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“இந்தப் பெட்டி கடைசி ஒரு மணி நேரம் வாசிச்சதை உள்ள வெச்சுக்கும். அழிச்சாத்தான் போகும்.”

“சுவிட்சை அணைச்சா போயிடும்னு நெனச்சேன்.”

“போகாதுங்கண்ணா.” சிரித்தாள். “பதினோரு வருசத்துக்கு முன்னாடி போட்டுப் பார்த்தா, நீங்க வீட்டுல பழகினது முழுசா இருந்துச்சு. அடுத்த வாரம் மேடையில அதையே வாசிச்சீங்க. நான் என் இஷ்டத்துக்கு ஒண்ணு வாசிச்சேன். உங்க முகம் வெளுத்துப்போச்சு. அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கேட்டுட்டு, உங்களுக்குத் தகுந்த மாதிரி படிச்சுட்டு வந்துருவனுங்க. நீங்க மாட்டிக்கக் கூடாதுன்னு.”

“ஏன் என்கிட்டச் சொல்லலை?”

“என்னன்னுங்க சொல்றது? சொன்னா நீங்க வாசிக்கறதையே விட்டுருப்பீங்க.”

எல்லாரும் வியந்த பொருத்தம் அது.

“நேத்து நீங்க பழகினதை விட்டுட்டு வேறென்னமோ வாசிச்சீங்க. எனக்கு ஒண்ணும் தோணலைங்க. படிச்சதையே ஒப்பிச்சேன். இப்பத் தானா எதுவும் வர்றதில்லீங்கண்ணா. வீட்டுல உக்காந்து பார்த்துட்டேன். பதினோரு வருசம் படிச்சுப் படிச்சு, அது போயிடுச்சு.” பெட்டியின் மூலையைத் தேய்த்தாள். “உங்க முன்னாடி மஞ்சள் எரிஞ்சப்பத்தான் எல்லாம் புரிஞ்சுது. எனக்காகப் பட்டையை மாத்தி, என் விளக்கு வெள்ளையா எரியணும்னு பழகினதை எல்லாம் விட்டுட்டு வாசிச்சிருக்கீங்க. உங்களுக்கு அதுல எவ்வளவு பயம்னு எனக்குத்தான் தெரியும்.”

அவள் கண்கள் நனைந்திருந்தன.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன்.

“ரொம்ப நாளாத் தெரியும்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “புதன்கிழமை கூட்டத்துல சொல்லிடறனுங்க.”

“வேண்டாம்.”

“சொல்லணுங்கண்ணா.”

“சொல்லாதே, ரெஜினா. கேட்டுக்கறேன்.”

என் பழக்கமும் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து சொன்னேன். அதையும் அவள் பெருந்தன்மையாகத்தான் எடுத்துக்கொண்டாள். என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

*

புதன்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். ரெஜினா நின்றுகொண்டு பேசினாள். மஞ்சள் தன்னுடையது, தான் பல வருடமாக மனப்பாடம் செய்து வாசிப்பவள், பூபதி அண்ணன் பட்டையை மாற்றிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றாள். என் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இஷ்ரத் முன்னால் சாய்ந்தாள். “ஒரு கேள்வி மேடம். அவர் புதுசு புதுசா வாசிக்கிறவர். அப்ப நீங்க எதைக் கேட்டு மனப்பாடம் பண்ணீங்க? அவர் என்ன செய்வார்னு முன்னாடியே தெரியாதே.”

“அவர் என்ன வாசிச்சாலும் ஒட்டற மாதிரி சிலது வெச்சிருந்தேன்” என்றாள் ரெஜினா.

“பதினோரு வருஷமா?”

“ஆமாங்க.”

இஷ்ரத் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

தண்டபாணி தொண்டையைச் செருமினார். “பூபதி, இவிய சொல்றது நெசமுங்களா? பட்டையை மாத்துனது நீங்கதானுங்களா?”

“ஆமா.”

“இவியளுக்காகத்தானுங்களா?”

ரெஜினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சங்கடம் ஒன்றும் இல்லை. எனக்கு இந்தக் கேள்வி கஷ்டமாக இருக்கும் என்ற கவலைதான் இருந்தது.

நான் தலையாட்டினேன்.

“என்னங்க மனுசன் நீங்க” என்றார் தண்டபாணி. “எங்க வாயில எல்லாம் விழுந்து, வாயே தொறக்காம போனீங்களே.”

பிறகு விதியைப் படித்தார்கள். என் வாக்கியம்தான். எங்கும் ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தேன். வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. ரெஜினா அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். கீழே போகும்போது என் அருகில் நின்றாள்.

“நல்லா வாசிங்கண்ணா. அன்னைக்கு வாசிச்சது நெசமாவே நல்லா இருந்துச்சு.”

படிகளில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு லேத் சத்தம் அதை மூடிவிட்டது. பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். இஷ்ரத் மட்டும் விளக்குகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது நீண்ட வேலையாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை தண்டபாணி ஒரு குறிப்பு அனுப்பினார். மற்ற ஊர்க் குழுக்களுக்குப் போக வேண்டியது. அனுப்பும் முன் நான் ஒரு முறை பார்க்க வேண்டுமாம்.

ஒரு பக்கம் இருந்தது. ரெஜினாவின் பெயரும் இருந்தது, காரணமும் இருந்தது. என்னைப் பற்றி நடுவில் ஒரு வரி: பல ஆண்டுகளாக அறிந்திருந்தும், உடன் வாசித்தவரை இவர் ஒருநாளும் தலைகுனிய விட்டதில்லை.

இரண்டு முறை படித்தேன். நிகழ்ச்சி நடந்த தேதி ஒருநாள் தள்ளியிருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.